தொட்டில் குறைந்த தோட்டங்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அரசாங்கக் கோப்புகளையும் தேடிச் செல்வது வழக்கம். எளிய குடியானவனின் வரலாறோ பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. அவன் பிறந்ததையும் மணந்ததையும் மடிந்ததையும் எழுதி வைத்திருப்பது பங்குக் கோவிலின் அலமாரியில் உறங்கும் பதிவேடுகள்தாம். 1563ஆம் ஆண்டில் திரெந்துப் பொதுச்சங்கம், மணமக்களின் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் பங்குக்குருவே ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்த ஏடுகள் ஒரு புதிய அறிவுத்துறைக்கே அடித்தளமாகும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 1950களில் பிரெஞ்சு அறிஞர் லூயி ஆன்றி இந்தத் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்தி, குடும்பம் குடும்பமாக மக்கள்தொகை வரலாற்றை மீட்டெடுக்கும் முறையை வகுத்தார். நார்மண்டியில் உள்ள குருலே என்ற சிற்றூரைப் பற்றி அவரும் அவருடைய துணை ஆய்வாளரும் 1958இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடி.

அந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகள் வியப்பான ஒன்றை வெளிக்கொணர்ந்தன. ஐரோப்பாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டவர்கள் பிரெஞ்சு மக்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அது தொடங்கிவிட்டது. ஆலைகளும் நகரங்களும் பெருகிய இங்கிலாந்து அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. கையகல நிலத்தைப் பிள்ளைகளுக்குள் துண்டாக்க மனமில்லாத குடியானவன்தான் அங்கே முதலில் கணக்குப் போட்டவன் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. கொங்கு நாட்டை அறிந்தவர்களுக்கு இந்த விளக்கம் புதிதாகத் தோன்றாது.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள கிரூஸ் மாவட்டத்தில் 1851இல் ஏறத்தாழ 2,87,000 பேர் வாழ்ந்தனர். கொத்தனார்களாகப் பருவந்தோறும் பாரிஸ் சென்று திரும்பிய ஆண்கள் நாளடைவில் அங்கேயே தங்கிவிட்டனர். இன்று அங்கே எஞ்சியிருப்போர் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்தைச் சுற்றியே இருப்பர். அவர்களிலும் முதியோர் மிகுதி. ஸ்பெயினில் தெருவேல் என்ற மாநிலத்து மக்கள் 'நாங்களும் இருக்கிறோம்' என்று உலகுக்கு நினைவூட்டுவதற்காகவே 1999இல் ஓர் இயக்கம் தொடங்கினர். இத்தாலியின் மலையூர்கள் சில, குடியேற ஆள் வந்தால் போதும் என்று பாழடைந்த வீடுகளை ஒரு யூரோ விலைக்குத் தருகின்றன.

இந்த ஊர்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. ஒரு காலத்தில் பிள்ளைகளால் நிரம்பி வழிந்த பிரெஞ்சுக் கிராமங்களிலிருந்துதான் பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையின் குருக்கள் நம் பகுதிக்கு வந்தனர். தென் பிரான்சின் காஸ்தெல்நோதாரியில் 1813இல் பிறந்த மரியோன் தெ பிரெசில்லாக், 1846இல் ஆயராகி, கருமத்தம்பட்டியையும் கோவையையும் களமாகக் கொண்டு பணியாற்றினார். இன்றோ தமிழகத்துக் குருக்கள் பலர், பிரான்சிலும் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நாலைந்து ஊர்களுக்கு ஒருவராக இருந்து, நரைத்த தலைகள் மட்டுமே அமர்ந்திருக்கும் கோவில்களில் திருப்பலி நிறைவேற்றுகின்றனர். ஆற்று நீர் திசைமாறி ஓடுகிறது. ஆனால், அனுப்பி வைக்கும் நம் ஊற்றுக்கண் என்ன நிலையில் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டாமா?

கொங்கு நாடு என்றும் மக்கள் நெருங்கி வாழ்ந்த நாடன்று. காவிரிப் படுகையைப் போல ஆறு வந்து தானாகப் பாய்ந்த மண் அல்ல இது. காட்டைத் திருத்தி, பாறையை உடைத்துக் கிணறு வெட்டி உண்டாக்கிய மண். திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், கும்பினியாருக்காக இப்பகுதியைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், இங்குள்ள உழவையும் கால்நடையையும் விரிவாக எழுதிவைத்தார். அடுத்த முக்கால் நூற்றாண்டில் மக்கள் பெருகினர். பின்னர் வந்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தக் கொடுமைக்கு முன்னும் பின்னுமாக எடுக்கப்பட்ட இரண்டு கணக்குகளை ஒப்பிட்டால், 1871இல் ஏறத்தாழ பதினேழே முக்கால் லட்சமாக இருந்த கோயம்புத்தூர் மாவட்ட மக்கள்தொகை 1881இல் பதினாறரை லட்சத்தை ஒட்டி இறங்கியிருந்தது தெரியவரும். பத்தாண்டில் பிறந்தவர்களையும் சேர்த்தும் ஒரு லட்சம் பேர் குறைவு! 1887இல் மாவட்டக் கையேட்டை எழுதிய எஃப்.ஏ. நிக்கல்சன் பிற்காலத்தில் கூட்டுறவுக் கடன் இயக்கத்தின் முன்னோடியானதற்கு, கடனிலும் கிணற்றிலும் உயிரை வைத்திருந்த இந்தக் குடியானவர்களைக் கண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அன்று மக்கள் குறைந்தது சாவினால். வயிறு நிறைந்ததும் எண்ணிக்கை மீண்டது. 1891இல் மாவட்டம் இருபது லட்சத்தைத் தொட்டுவிட்டது. இன்று குறைவது பிறப்பினால். சாவினால் வரும் குறைவில் ஊர் அழும். பிறப்பினால் வரும் குறைவு வெகுகாலம் கண்ணுக்கே தெரிவதில்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் தொடங்கி, திருமண வயதில் வெளிப்பட்டு, கடைசியாகத் திண்ணையில் வந்து அமர்கிறது அது.

கவலை இறைத்த காலத்தில் ஒரு தோட்டத்துக்கு எத்தனை கைகள் தேவைப்பட்டன என்பதை இன்றைய இளைஞருக்கு விளக்கிச் சொல்வதே கடினம். விடியுமுன் எருது பூட்ட ஒருவர், வடத்தின் மேல் அமர்ந்து முன்னும் பின்னும் ஓட்ட ஒருவர், மடை திருப்ப ஒரு சிறுவன், மாட்டுக்குத் தட்டு அறுத்துப்போட ஒரு பெண். பரந்த காட்டில் சோளமும் கம்பும், தோட்டத்தில் கம்போடியாப் பருத்தியும் புகையிலையும். பிள்ளைகள் பாரமாக அல்ல, பலமாக எண்ணப்பட்டனர். 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததும் இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. மின்மோட்டார் எருதை விலக்கியது; எருதை ஓட்டியவனையும் விலக்கியது. கோவையில் 1888இலேயே தொடங்கிவிட்ட நூற்பாலைத் தொழில், அந்த மின்சாரத்தால் ஊருக்கு ஊர் பரவிற்று. நிலத்தை நம்பியிருந்த கை, மாதச் சம்பளத்தின் ருசியைக் கண்டது.

குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாற்றை அரசாங்கத்தின் சாதனையாகவே எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அரசின் பங்கு சிறிதல்ல. 1951 மக்கள்தொகைக் கணக்கை நடத்திய ஆர்.ஏ. கோபாலசுவாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராகி, 1950களின் பிற்பகுதியிலேயே ஊக்கத்தொகையுடன் அறுவைச் சிகிச்சைத் திட்டத்தைக் கொணர்ந்தார். பிற்காலத்துத் தலைமைச் செயலாளர் டி.வி. ஆன்டனி இதில் காட்டிய தீவிரம் எத்தகையதென்றால், அவருடைய முன்னெழுத்துகளுக்கு அறுவைச் சிகிச்சைகளின் பெயர்களையே விரிவாகச் சொல்லி அதிகாரிகள் வேடிக்கை பேசினர். அதற்கும் முன்னரே, ஈரோட்டிலிருந்து கிளம்பிய பெரியார் ஈ.வெ.ரா., கருத்தடையை அரசின் வறுமை ஒழிப்பாக அன்றிப் பெண்ணின் விடுதலையாகப் பேசியிருந்தார். திருச்சபை 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் சுற்றுமடல் வழியாக இம்முறைகளை மறுத்துரைத்தது. ஆனால், பங்கு மக்களின் குடும்பங்களும் ஊராரின் குடும்பங்களைப் போலவே சிறுத்தன என்பதைத் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டும் எந்தப் பங்குக்குருவும் அறிவார்.

எனினும், சுவரில் வரைந்த சிவப்பு முக்கோணம் மட்டுமே கொங்குக் குடியானவனின் மனத்தை மாற்றியது என்று நம்ப என்னால் இயலவில்லை. அதே முக்கோணத்தை வடநாட்டுச் சுவர்களிலும்தான் வரைந்தார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தென்னிந்தியக் கருவள ஆய்வை வழிநடத்திய கிறிஸ்டோப் கில்மோத்தோ வரைந்த படங்களில், பிள்ளைப்பேறு முதலில் குறைந்த வட்டாரங்களுள் ஒன்றாகக் கோவையைச் சுற்றிய கொங்குப் பகுதி தனித்துத் தெரிகிறது. கிணறு ஒன்று, பங்காளிகள் நால்வர் என்றால் முறை வைத்து இறைக்கும் சண்டை எத்தலைமுறைக்கும் ஓயாது. பெண்ணுக்குச் சீர் செய்ய ஒரு தோட்டத்தின் பாதி போகும். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சொன்னது. நீதியான அந்தச் சட்டத்தைக் கேட்ட சில வீடுகளில் பங்கைக் கொடுப்பதைவிடப் பங்காளியைக் குறைப்பது பற்றிய யோசனையே முந்திக்கொண்டது. ஆங்கிலப் பள்ளிக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. இரண்டு என்பது பலருக்கு ஒன்றாயிற்று. தமிழ்நாடு ஒரு தாய்க்கு இரு பிள்ளைகள் என்ற ஈடுநிலையை 1990களிலேயே எட்டிவிட்டது. மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2020இல் அந்த எண் 1.4.

ஒன்றே போதும் என்ற முடிவு, அந்த ஒன்று ஆணாகவே இருக்க வேண்டும் என்ற ஆசையோடு சேர்ந்தபோது நேர்ந்தது பெரும் பாவம். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 851 மட்டுமே. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் அந்த மாவட்டத்தில்தான் தொடங்கப்பட வேண்டியிருந்தது. அந்தப் பிறவாப் பெண்களின் கணக்கு இருபது முப்பது ஆண்டுகள் கழித்துத் திருமணத் தரகர்களின் நோட்டுப் புத்தகத்தில் வந்து நின்றது. நிலமும் வீடும் உடைய முப்பத்தைந்து வயது ஆண்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. பெருமாள்முருகன் 2007இலேயே 'கங்கணம்' நாவலின் நாயகனாக இத்தகைய ஒருவனைத்தான் படைத்தார். கேரளத்தில் பெண் எடுக்கத் தரகர்கள் முளைத்தனர். உழவைத் தொழிலாகச் சொல்லும் மாப்பிள்ளைக்குப் பெண் தர உழவரே தயங்குகின்றனர்.

ஆனால், பல்லடத்தில் நின்று பார்ப்பவர் 'இங்கே எங்கே மக்கள் குறைந்தார்கள்?' என்று கேட்பார். நியாயமான கேள்வி. பழைய பல்லடம் வட்டத்தில் அடங்கியிருந்த திருப்பூர், பின்னலாடையால் உலகறிந்த நகரமாயிற்று. 2009இல் தனி மாவட்டத்தின் தலைநகருமாயிற்று. 2011இல் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 24.79 லட்சம். விசைத்தறிகளின் ஓசை பல்லடத்திலும் சோமனூரிலும் மங்கலத்திலும் இரவும் பகலும் ஓய்வதில்லை. பேருந்து நிலையத்தில் ஒடியாவும் இந்தியும் அசாமியமும் கேட்கின்றன. இந்தப் பெருக்கம்தான் நம் கண்ணை மறைக்கிறது. பெருகுவது வந்தவர்களால், பிறந்தவர்களால் அல்ல. சாலையை விட்டு இரண்டு கல் உள்ளே நடந்தால் வேறொரு நாடு தொடங்குகிறது.

அங்கே தோட்டத்துச் சாளையில் இரண்டு பேர் இருப்பார்கள். மகன் திருப்பூரிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ. மகள் புகுந்த ஊரில். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் தங்கள் மண்டலத்துக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை தண்ணீர் வரும்போது மட்டும் நிலம் சற்றே உயிர்க்கும். களையெடுக்க ஆள் கிடைக்காததால் சோளமும் பருத்தியும் போய்த் தென்னை வந்தது. தென்னை ஒரு முதியவரின் பயிர்; ஏற மட்டும் ஆள் வேண்டும். அதுபோலவே கோழிப்பண்ணையும். குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் நிறுவனம் கொண்டுவந்து இறக்கும். ஆறு வாரம் காத்து வளர்த்துக் கொடுத்தால் வளர்ப்புக் கூலி. தமிழ்நாட்டின் கறிக்கோழி விலையையே பல்லடத்தில் கூடும் ஒருங்கிணைப்புக் குழு நிர்ணயிப்பதாக நாம் பெருமை பேசுகிறோம். ஆள் குறைந்த மண் தானாகக் கண்டுபிடித்த பிழைப்பு வழிகள் இவை என்று எவரும் சொல்வதில்லை.

நிலமுடையோரின் முதுமையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் ஒருவகை மறதிதான். அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாக இருந்த அருந்ததியர் குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் சென்றது, அடிமைத்தளை அறுந்த வரலாறு. அதற்காக ஒரு நாளும் வருந்தலாகாது. 'ஆள் கிடைப்பதில்லை' என்ற புலம்பலின் மறுபக்கம் இந்த விடுதலை. ஆனால், காலனியில் எஞ்சிய பாட்டிக்குத் தென்னையும் இல்லை, கோழிக் கொட்டகையும் இல்லை. அவளுக்கு இருப்பது முதியோர் உதவித்தொகை. 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அது, 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2006 முதல் வந்த நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்து நின்றவர்களில் நரைத்த தலைகள் எத்தனை என்பதை வழியில் சென்றவர்கள் அறிவார்கள். அவ்வேலையைச் சோம்பேறித்தனம் என்று ஏளனம் செய்தவர்களும் வழியில் சென்றவர்கள்தாம்.

உண்மையிலேயே ஒரு மாவட்டத்தின் தலைகள் குறைவதைக் காண வேண்டுமானால், மேட்டுப்பாளையம் கடந்து மலையேற வேண்டும். நீலகிரியில் 2001இல் 7,62,141 பேர் இருந்தனர், 2011இல் 7,35,394. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் அது. சோவியத் நாடு 1991இல் சிதைந்ததும் நீலகிரித் தேயிலை தன் பெரிய சந்தையை இழந்தது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை பாதிக்கும் கீழே விழுந்தது. ஓரிரு ஏக்கர் தேயிலையை நம்பிய படுகர் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பை முதலாகக் கொண்டு கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்கினர். உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நலிந்தது. 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்க்கப்பட்டு வந்த மலையகத் தமிழர்களுக்காக அரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கடல் கடந்து வந்து அங்கே கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கிறார்கள். மூன்று தலைமுறையில் மூன்று பெயர்வு. கேரளத்திலும் பத்தனம்திட்டையும் இடுக்கியும் அதே பத்தாண்டில் குறைந்தன. மலையில் நடந்தது சமவெளிக்கு வராது என்பதற்கு உறுதி ஏதுமில்லை. திருப்பூரின் தறியும் தையலும் ஒருநாள் வங்கதேசத்துக்கோ ஒடிசாவுக்கோ பெயர்ந்தால், வந்தவர்கள் திரும்பிச் செல்வர்.

மணமக்களைப் 'பதினாறும் பெற்று' வாழ்க என வாழ்த்துவது நம் மரபு. அந்தப் பதினாறு கல்வி, செல்வம், நோயின்மை முதலான பேறுகளே அன்றிப் பிள்ளைகள் அல்ல என்று தமிழாசிரியர்கள் சொல்லித் தந்தார்கள். 2024 அக்டோபரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், இனி உண்மையாகவே பதினாறு பிள்ளைகள் பெறலாம் என்று எண்ணத் தோன்றுகிறது எனப் பேசியது நகைச்சுவையாகவே ஒலித்தது. அதற்குள் இருந்த கசப்பு மெய்யானது. 1976இலும் 2001இலும் அரசியல் சட்டத்தைத் திருத்தி நிறுத்திவைத்த மக்களவைத் தொகுதிப் பங்கீடு மீண்டும் வரும்போது, சொன்னபடி குழந்தைகளைக் குறைத்த மாநிலம் தன் குரலையும் குறைத்துக்கொள்ள நேரிடலாம். ஆயினும், தொகுதிக் கணக்குக்காக எந்தத் தாயும் பிள்ளை பெறப்போவதில்லை. பரிசும் விடுப்பும் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய நாடுகளாலும் அதைப் பெரிதாக மாற்ற இயலவில்லை.

ஆகவே, எஞ்சியிருப்போர் எப்படி வாழப்போகிறார்கள் என்பதே கேள்வி. அரசின் கணிப்பின்படி, 2011இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த அறுபது கடந்தோர் 2031இல் பதினெட்டாவர். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருவது, இத்திசையில் வைத்த நல்ல அடி என்றே கருதுகிறேன். மாத்திரை வாங்கித் தர ஆள் இல்லாத வீடுகள் பெருகிவிட்டன என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளமும் அதுவே. ஆனால், தோட்டத்து வீட்டின் இரவுக்கு மாத்திரை இல்லை. 2024 நவம்பர் இறுதியில் பல்லடத்தை அடுத்த ஒரு தோட்டத்து வீட்டில் முதிய தம்பதியரும் மகனும் கொல்லப்பட்டனர். சில மாதங்களில் ஈரோடு மாவட்டத்திலும் தனித்திருந்த இன்னொரு முதிய தம்பதியருக்கு அதே கதி. அதன் பிறகு காவல்துறையினர் தோட்டந்தோறும் சென்று கேமரா பொருத்தச் சொன்னார்கள். தனித்திருப்போரின் பட்டியல் எடுத்தார்கள். ஒரு காலத்தில் கூப்பிடு தூரத்தில் நாலு சாளைகள் இருந்தன. ஒரு சாளையில் நாய் குரைத்தால் மற்றதில் விளக்கு எரிந்தது.

மறுபுறம், மாணவர் எவரும் சேராத நாற்பதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகமாக்குவதாக 2019இல் அரசு அறிவித்தபோது, திருப்பூர் வட்டாரத்து அரசுப் பள்ளிகள் சிலவற்றில் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளரின் பிள்ளைகள் தமிழ் அரிச்சுவடியைப் படித்துக்கொண்டிருந்தனர். கிரூஸ் மாவட்டத்துக்குக் கிட்டாத வாய்ப்பு இது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாம் இன்னும் 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கும்பகோணத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்தவர்களையும் முதலில் அந்நியராகவே நடத்தினோம் என்பது நினைவிருக்கும். அவர்களுள் பலரின் பேரப்பிள்ளைகள் இன்று கொங்குத் தமிழில் 'ஏனுங்க' என்கிறார்கள்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் முதல் நாளைக் கணக்குநாளாக வைத்து எடுப்பதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். கணக்கெடுப்பவர் தறிக்குடோனின் தகரக் கதவைத் தட்டுவார். அங்கே எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்திருப்பார்கள், எல்லோரும் முப்பதுக்குக் கீழே. பிறகு வண்டித்தடத்தில் ஒரு கல் நடந்து சாளையின் திண்ணையில் அமர்ந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். பெரியவர் மகனையும் மருமகளையும் பேரனையும் சேர்த்து ஐந்து என்று சொல்லுவார். விதிப்படி அவர் இரண்டு என்றுதான் எழுத வேண்டும்.